கடியாரமும் பஞ்சாங்கமும்

கடவுள் உண்டு என்பதற்கு ஆதாரம் காட்ட வருகிற பிரசங்கிகளுக்கு, அவர்கள் புராணிகராயிருந்தாலும் சரி, பாதிரியாராயிருந்தாலும் சரி, கடைசியில் கைகொடுப்பது ஒரு கடியாரந்தான். "இந்தச் சின்னக் கடியாரத்தைச் செய்வதற்கே ஒருவன் வேண்டியிருக்கிறபோது இவ்வளவு பெரிய உலகத்தைச் செய்வதற்கு ஒருவன் வேண்டாமா?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, சபையோரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இனி யாரும் வாய் திறக்க முடியாது என்கிற திருப்தியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். இது அவர்கள் சொந்தமாக யோசித்துக் கண்டுபிடித்த கேள்வியுமல்ல. இங்கிலாந்தில் வில்லியம் பேலி என்னும் பாதிரியார் 1802-ம் வருஷத்தில் வெளியிட்ட ஒரு புஸ்தகத்தின் ஆரம்பத்திலேயே, வெட்டவெளியில் நடந்துபோகிறவன் காலில் ஒரு கடியாரம் தட்டுப்பட்டால் அவன் என்ன நினைப்பான் என்று எழுதி, அதிலிருந்து ஆண்டவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அக்கடியாரம் சில சமயங்களில் தப்பாக ஓடினாலும் தம்முடைய வாதத்திற்குக் குறைவில்லை என்றும் அவரே முன்ஜாக்கிரதையாகச் சொல்லி வைத்துக்கொண்டார். அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் அவருடைய சரக்கை நம் ஊர் மேடைகளில் இன்றைக்கும் விற்று வருகிறார்கள்.

இன்று நாம் கடவுளைப்பற்றிப் பேச வரவில்லை. கடியாரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். ஏனெனில், இவ்வளவு காலமாக அதை உவமை காட்டிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது அதன் பின்மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பார்கள் என்பது நமக்குப் பெரிய சந்தேகமாயிருக்கிறது. பார்த்திருந்தால் அந்த உவமையை அவர்கள் வேண்டாமென்று கீழே வைத்திருப்பார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

நாம் சொல்லுவது சாவி கொடுத்து ஓடுகிற கடியாரத்தை. ஜப்பானில் செய்க்கோ கம்பெனியார் 1969-ம் வருஷக் கடைசியில் பாட்டரியில் ஓடும் கைக்கடியாரத்தை விற்க ஆரம்பித்த பிறகு சாவிக் கடியாரத்தின் செல்வாக்குக் குறைந்துபோய்விட்டது. இப்பொழுதோ கைப்பேசியே மணியும் தேதியும் காட்டித் தன்னைத்தானே திருத்திக்கொள்ளுகிறது. ஆனாலும், பெங்களூரில் சர்க்காருடைய எச்.எம்.டி. தொழிற்சாலை ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியாரின் உதவியோடு 1961-ம் வருஷம் முதல் செய்துவந்த "ஜனதா" போன்ற கைக்கடியாரங்களில் ஒன்றாவது நம் வாசகர்களில் பலர் வீட்டில் தகப்பனார் காலத்துச் சொத்தாக மேஜையறையில் கிடக்கும். அந்தக் கடியாரக் கம்பெனி 2016-ல் மூடப்பட்டுவிட்டது. கடியாரங்கள் மூடப்படவில்லை, எண்ணெய் போட்டுச் சாவி கொடுத்தால் இன்றைக்கும் ஓடும். அப்படி ஒன்று கையிலிருந்தால் பக்கத்திலுள்ள பழுது பார்க்கும் கடைக்காரரிடம் கொடுத்துப் பின்மூடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள்.

உள்ளே முதலில் கண்ணில் படுவது இங்குமங்கும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சக்கரம். அதைப் பாலன்ஸ் சக்கரம் என்பார்கள். மயிரைப்போல் மெல்லிய ஒரு சுருள்வில் அதை ஒரு பக்கம் போனால் மறுபக்கம் இழுத்து ஆட்டிக்கொண்டிருக்கும். சாதாரணக் கடியாரத்தில் அது விநாடிக்கு 5 தட்டுத் தட்டுகிறது. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆகவே ஒரு நாளைக்கு 4,32,000 தட்டு. ஒரு டப்பாவில் சுருட்டி அடைத்த பெரிய வில் பலத்தைக் கொடுக்கிறது. பல்சக்கரங்கள் அந்தப் பலத்தைக் கடத்துகின்றன. ஆடுகிற சக்கரம் அதைத் தட்டுத் தட்டாக அளந்து விடுகிறது. இப்படி ஓடும் கடியாரம் ஒரு நாளைக்கு 20 விநாடி முன்பின் போனால் அது நல்ல கடியாரம் என்று பெயர். பதினாயிரம் பங்கில் இரண்டே சொச்சம் பங்குதான் பிசகு. நம்முடைய தராசுகளில் எத்தனை தராசு இவ்வளவு யோக்கியமாக நிறுக்கும் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இப்பொழுது அந்தச் சக்கரத்தைத் தாங்கும் பாலத்தின்மேல் நன்றாகக் கவனியுங்கள். ஒரு சிறு நெம்புகோலும், அதன் முனைக்குப் பக்கத்தில் கோடுகளும், அநேகக் கடியாரங்களில் இரண்டு எழுத்துக்களும் வெட்டப்பட்டிருக்கும். பிரெஞ்சு பாஷை வழங்கும் சுவிட்சர்லாந்துப் பக்கத்துக் கடியாரமானால் அந்த எழுத்துக்கள் முந்து, பிந்து என்று அர்த்தமாகும் பிரெஞ்சு வார்த்தைகளின் முதலெழுத்து. இங்கிலீஷ்காரர் செய்ததானால் வேகம், மெது என்பதற்கான எழுத்து. நெம்புகோலை ஒரு பக்கம் மயிரிழை தள்ளினால் சுருள்வில்லில் வேலை செய்யும் நீளம் குறைந்து கடியாரம் வேகமாக ஓடும். மறுபக்கம் தள்ளினால் மெதுவாக ஓடும். அதாவது, கடியாரத்தைச் செய்தவன், தான் செய்த இந்தப் பொருள் தப்பும் என்பதைத் தெரிந்துகொண்டு, எந்தப் பக்கம் தப்பினால் எந்தப் பக்கம் தள்ளவேண்டுமென்று அதன் நெஞ்சுக்குப் பக்கத்திலேயே எழுத்து வெட்டி வைத்து, மூடி அனுப்பியிருக்கிறான். எந்தச் சாஸ்திரத்திலாவது, எந்த வேதத்திலாவது, எந்த ஸ்தல புராணத்திலாவது இப்படி "தப்பினால் இங்கே திருத்திக்கொள்க" என்று ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறார்களா என்று கேட்கின்றோம்.

கடியாரம் ஏன் தப்புகிறது என்பதும் மர்மமான விஷயமல்ல. எண்ணெய் தடித்துப்போகிறது. படுக்கவைத்தால் ஒரு மாதிரியும் நிறுத்திவைத்தால் ஒரு மாதிரியும் ஓடுகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய சத்துரு உஷ்ணந்தான். எஃகுச் சுருள்வில் சூடேறினால் தளர்ந்துவிடுகிறது. பரிகாரமொன்றும் செய்யாத கடியாரம், உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 விநாடி பின்தங்கும். இதற்காக ஒருவரும் பிராயச்சித்தம் செய்யவில்லை; எந்தக் கிரகம் பார்க்கிறது என்று ஜாதகம் எடுக்கவுமில்லை. உஷ்ணத்தில் ஒன்றைவிட ஒன்று அதிகமாக நீளுகின்ற இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒட்டிச் சக்கரத்தின் விளிம்பைச் செய்து, சூடேறும்போது விளிம்பு உள்ளே வளையும்படி செய்தார்கள். பிறகு, சுவிட்சர்லாந்தில் ஃப்ளூரியே என்ற ஊரில் கடியாரத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்த ஷார்ல் கில்லோம் என்பவர் நிக்கலும் எஃகும் கலந்து, உஷ்ணத்திற்கு ஏறக்குறைய அசையாத கலப்பு உலோகங்களைக் கண்டுபிடித்தார். 1920-ம் வருஷத்துப் பௌதிக நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது அந்த வேலைக்காகத்தான்.

இதைவிட ருசிகரமானது ஹாரிசன் என்னும் தச்சரின் சரித்திரம். நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், புறப்பட்ட துறைமுகத்தில் இப்பொழுது என்ன மணி என்பது தெரியவேண்டும். 4 நிமிஷத்துக்கு ஒரு டிகிரி. அது தெரியாமல் பாறையில் மோதிச் செத்தவர்கள் ஆயிரக்கணக்கு. ஆகவே 1714-ல் இங்கிலீஷ் பார்லிமெண்டு 20,000 பவுன் வரைக்கும் பரிசு கொடுப்பதாகச் சட்டம் செய்தது. வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டே இதைத் தீர்க்கலாமென்று பெரிய பெரிய வான சாஸ்திர பண்டிதர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாத, தச்சன் மகனாகிய ஜான் ஹாரிசன் கடியாரத்தினாலேயே தீர்க்கலாமென்று தம் ஆயுளை அதில் செலவு செய்தார். அவருடைய நான்காவது கடியாரம் 1761-ம் வருஷக் கடைசியில் ஜமைக்காத் தீவுக்குக் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தபோது அதன் பிசகு 5 விநாடி.

இதில் ஒரு விஷயத்தை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். அந்த 5 விநாடி என்பது கடியாரத்தின் முகத்தில் அப்படியே பார்த்த கணக்கல்ல. இந்தக் கடியாரம் ஒரு நாளைக்கு 2⅔ விநாடி பின்தங்கும் என்று கரையிலேயே பார்த்து எழுதிவைத்து, அதைக் கழித்துவிட்டு மிஞ்சிய கணக்கு. கடலோடிகளுக்கு வேண்டியது தப்பே செய்யாத கடியாரமல்ல. தப்பு எவ்வளவு என்று தெரிந்திருக்கிற கடியாரமே அவர்களுக்குப் போதும். ஏனெனில் தெரிந்த தப்பைக் கழித்துக்கொள்ளலாம். தப்பே கிடையாது என்று சத்தியம் செய்கிற கடியாரத்தை நம்பிப் போனவன்தான் பாறையில் மோதுவான். பண்டிதர்கள் கூட்டம் இவ்வளவுக்குப் பிறகும் ஏதோ அதிர்ஷ்டத்தால் நடந்தது என்று சொல்லி மறுபடியும் பரீட்சை வைத்தது. பணத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தது. கடைசிப் பணம் பார்லிமெண்டின் தயவால் 1773-ல் வந்தபோது ஹாரிசனுக்கு வயது 80. தச்சனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள நம் நாட்டுப் பண்டிதர்களுக்கு மாத்திரந்தான் மனம் வராது என்று எண்ணிவிட வேண்டாம்.

நிற்க. ஓட்டத்தைத் திருத்துவது ஒரு வேலை; காட்டுவதைத் திருத்துவது வேறு வேலை. முள்ளைத் தள்ளி வைக்கிறோமே, அப்பொழுது உள்ளே ஓடுகிற சக்கரங்கள் ஏன் உடைந்து போகவில்லை? பெரிய முள்ளைத் தாங்குகிற சிறு குழாய் நடுச்சக்கரத்தின் அச்சின்மேல் இறுக்கமாகச் செருகி மாத்திரம் இருக்கிறது. விரலில் இறுகிய மோதிரம் கை போகுமிடமெல்லாம் கூடவே போகும். பிடித்துத் திருப்பினால் திரும்பவும் செய்யும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். சாவியை வெளியே இழுத்தவுடன் உள்ளே ஒரு சிறு பல்சக்கரம் சாவி கொடுக்கிற இடத்தைவிட்டு நழுவி முள்ளைத் திருப்புகிற இடத்தில் போய்ப் பொருந்திக்கொள்ளுகிறது. அந்த இறுக்கம் அளவாக இருக்கவேண்டும். தளர்ந்துபோனால் கடியாரம் ஓடும், முள் நின்றுவிடும். மிஞ்சிப்போனால் திருத்தப்போகிற நேரத்தில் பல் உடையும். முந்திய காலத்தில் இதற்கென்று தனியாக ஒரு சாவி வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து திருகவேண்டியிருந்தது; அந்தச் சாவி தொலைந்தால் கடியாரமும் தொலைந்த மாதிரிதான். சாவியைக் கடியாரத்தோடேயே சேர்த்து, அதனாலேயே வில்லை முறுக்கவும் முள்ளைத் திருப்பவும் வழி செய்து 1845-ல் உரிமை பதிந்துகொண்டவர் ஆத்ரியான் பிலீப் என்ற பிரெஞ்சுத் தொழிலாளி. திருத்துகிற சாதனம் அதுமுதல் கடியாரத்தின் வெளியிலேயே, யார் கைக்கும் எட்டும்படி வந்துவிட்டது.

இனித் தேதிக்கு வருவோம். 1945-ல் ரோலக்ஸ் கம்பெனியார், கை அசைவினால் தானே சாவியேறும் கைக்கடியாரமொன்றில் தேதியைச் சிறு ஜன்னலில் காட்டும்படி செய்து வெளியிட்டார்கள். இந்தமாதிரிக் கடியாரங்களில் முகத்துக்கு அடியில் 1 முதல் 31 வரை எண் எழுதி 31 பல் வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. மணி முள் ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுச் சுற்றும். அதனோடு இணைத்த வேறொரு சக்கரம் ஒரு நாளைக்கு ஒரே சுற்றுச் சுற்றும். அந்தச் சக்கரத்திலுள்ள ஒரு விரல் நடுநிசியில் வளையத்தை ஒரு பல் தள்ளிவிடுகிறது. நடுநிசிக்கு வெகு முன்னாலேயே அந்த விரல் பல்லைத் தொட்டுக்கொண்டு நிற்குமாதலால், இரவு 9 மணியிலிருந்து 3 மணி வரையில் தேதியைச் சாவியால் அவசரமாகத் தள்ளக்கூடாது. தள்ளினால் பல் போய்விடும். பழுது பார்க்கும் கடைகளில் வந்து சேருகிற தேதிக் கடியாரங்களில் நல்ல பங்கு இந்த அவசரத்தின் விளைவுதான்.

இந்த வளையத்துக்கு எல்லா மாதமும் 31 நாள்தான். ஆதலால் மார்ச்சு, மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் ஆகிய ஐந்து மாதங்களின் முதல் தேதியில் அது தப்புக் காட்டும். வருஷத்துக்கு ஐந்து முறை மனிதன் திருத்தவேண்டும். இந்த ஐந்தையும் ஒழிக்கமுடியாதா என்று யோசித்தவர் இங்கிலாந்தில் தாமஸ் மட்ஜ் என்பவர். 1760-களிலேயே ஒரு சட்டைப்பைக் கடியாரத்தில் அதைச் செய்து காட்டினார். கைக்கடியாரத்துக்குள் அதை 1925-ல் கொண்டுவந்தவர்கள் ஜினீவாவிலுள்ள பட்டேக் பிலீப் கம்பெனியார்.

அதன் சூட்சுமம் கேட்கவே வேடிக்கையாயிருக்கும். நான்கு வருஷத்துக்கு ஒரே ஒரு சுற்றுச் சுற்றுகிற ஒரு தட்டு. அதன் விளிம்பில் 48 மாதங்களுக்கு 48 இடங்கள். 31 நாள் மாதங்கள் 28. அங்கே விளிம்பு மேடாக இருக்கிறது. 30 நாள் மாதங்கள் 16. அங்கே சிறு பள்ளம். பிப்ரவரி நான்கு, அவற்றில் மூன்றுக்கு ஆழமான பள்ளம், 29 நாள் வருகிற ஒன்றுக்குச் சற்றே ஆழம் குறைந்த பள்ளம். ஒரு நெம்புகோலின் மூக்கு அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கிறது. மாதக் கடைசியில் மூக்கு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறதோ அதற்குத் தக்கபடி தேதிச் சக்கரம் ஒன்றோ, இரண்டோ, மூன்றோ, நான்கோ நாள் தாண்டி முதல் தேதிக்கு வந்து நிற்கிறது. மூளையில்லாத பித்தளைத் தட்டு. அதில் ராவப்பட்ட பள்ளத்தின் ஆழமே அதன் ஞாபகம். கடியாரக்காரர் இதற்கு வைத்த பெயர் என்றைக்குமுள்ள பஞ்சாங்கம் என்று பொருள்படும்.

பெயர் இப்படியிருந்தாலும், இதிலும் திருத்த வழி வைக்காமல் விடவில்லை. உறையின் ஓரத்தில் ஊசியால் குத்தித் தள்ளுவதற்கு நுண்ணிய பொத்தான்கள் இருக்கும். கிழமைக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, சந்திரனுக்கு ஒன்று. அந்தச் சந்திரனும், சாதாரணமாக 59 பல் வெட்டிய சக்கரமாதலால் அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள் என்று எண்ணுகிறது. உண்மையில் அதைவிட ஏறக்குறைய முக்கால் மணி அதிகம். ஆகவே 2 வருஷம் 8 மாதத்துக்கு ஒரு நாள் தப்பும், ஒரு குத்துக் குத்தவேண்டும். பொத்தான்களையெல்லாம் ஒழித்து ஒரே சாவியால் எல்லாம் நகரும்படி 1985-ல் ஐ.டபிள்யூ.சி. என்ற சுவிஸ் கம்பெனியில் குர்ட் கிளௌஸ் என்பவர் ஒன்று செய்தார். ஆனால் அதை முன்னால் தள்ளலாமே தவிரப் பின்னால் இழுக்க முடியாது. தெரியாத்தனமாகப் பத்து நாள் அதிகம் தள்ளிவிட்டால் கடியாரத்தை நிறுத்திவைத்துவிட்டு அந்தப் பத்து நாளும் வந்து சேரும்வரை காத்திருக்கவேண்டும். இந்தக் குறையையும் விட்டுவைக்காமல், முன்னும் பின்னும் தள்ளும்படியாக லுட்விக் ஊக்ஸ்லின் என்பவர் உலிஸ் நார்டன் கம்பெனிக்காக 1996-ல் செய்து முடித்தார். இந்தக் கடியாரங்களின் விலை நம்மைப்போன்றவர்கள் வாயில் சொல்லவும் லாயக்கில்லாதது; பிரபுக்களின் கைக்குப் போகிற சாமான். ஆனாலும் அதிலுள்ள கணக்குக் குடியானவனுக்கும் சொந்தந்தான்.

"என்றைக்குமுள்ள" இந்தப் பஞ்சாங்கமும் 2100-ம் வருஷம் மார்ச்சு முதல் தேதி தப்புக் காட்டும். செய்கிறவர்களே அதைச் சொல்லி விற்கிறார்கள். காரணம் யாதெனில், நான்கு வருஷத்துக்கு ஒரு நாள் கூட்டுவது என்னும் ஜூலியஸ் சீசர் கணக்கில் வருஷத்துக்கு 11 நிமிஷம் அதிகமாகச் சேருகிறது. 128 வருஷத்தில் அது ஒரு நாளாகிவிடும். இப்படிச் சேர்ந்த பத்து நாளை எடுத்துவிடவேண்டி, லீலியோ என்னும் ஒரு வைத்தியர் வகுத்த திட்டப்படி, 1582-ல் பதின்மூன்றாம் கிரிகோரி போப்பு அக்டோபர் 4-ந் தேதிக்கு மறுநாளை 15-ந் தேதி என்று உத்தரவிட்டார். 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு வருஷங்களுக்குப் பிப்ரவரி 29 கிடையாது என்றும் ஏற்பாடாயிற்று. ஆகவே 2000-த்தில் இருந்தது, 2100-ல் இராது. போப்பு செய்தார் என்கிற ஒரே காரணத்துக்காக இங்கிலாந்து 170 வருஷம் மறுத்து, 1752-ல்தான் ஒப்புக்கொண்டது. ருஷியா 1918 வரையில் தாமதித்தது. போப்புக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் உலகம் அறிந்ததே. ஆனால் கணக்கு யார் வாயிலிருந்து வந்தாலும் சரியானால் சரிதான். இந்த 400 வருஷக் கணக்கையும் சக்கரமாக வெட்டி, 3999 வரைக்கும் திருத்த வேண்டாதபடி 2024-ல் ஐ.டபிள்யூ.சி. கம்பெனியாரே ஒரு கடியாரம் வெளியிட்டிருக்கிறார்கள். 4000-க்கு 29 உண்டா இல்லையா என்பதை உலகம் இன்னும் தீர்மானிக்கவில்லையாதலால் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். தெரிந்தவரைக்கும் சொல்லி, தெரியாத இடத்தில் நிறுத்துகிற இந்த யோக்கியதையை நாம் பாராட்டுகிறோம்.

ஆகவே, கடியாரத்தைச் செய்தவன் ஒருவன் என்று சொல்லுகிற பிரசங்கிகளை நாம் கேட்பது: எந்த ஒருவன்? சுருள்வில்லைச் சேர்த்து 1675-ல் வெளியிட்ட ஹாலந்துக்காரர் ஹைகன்ஸா? தச்சர் ஹாரிசனா? மட்ஜா? பிலீப்பா? கில்லோமா? அல்லது சுவிட்சர்லாந்து மலைப்பக்கங்களில் பனிக்காலத்தில் விளக்கடியில் உட்கார்ந்து பல் ராவிக் கண் கெட்டுப்போன, பெயர் தெரியாத ஆண்களும் பெண்களுமா? ஒருவர் விட்ட தப்பை அடுத்தவர் கண்டு, அவர் விட்டதை அதற்கடுத்தவர் கண்டு, முந்நூறு வருஷத்துக்கு மேலாகப் பலர் திருத்தித் திருத்தி வந்ததற்குத்தான் கடியாரம் என்று பெயர். இந்த உவமையை உலகத்துக்குப் பொருத்தினால், தப்புச் செய்து தப்புச் செய்து கற்றுக்கொண்ட பெரிய கடவுள் கூட்டமொன்றை அல்லவா இவர்கள் ஒப்புக்கொள்ளவேண்டி வரும்?

இது இப்படியிருக்க, காலத்தைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு நம் வீடுகளில் இன்னொன்று தொங்குகிறதே, அந்தப் பஞ்சாங்கத்தில் திருத்தும் சாவி எங்கே இருக்கிறது? பஞ்சாங்கம் எண்ணுகிற வருஷம், பருவங்கள் திரும்பிவருகிற வருஷத்தைவிட ஏறக்குறைய 24 நிமிஷம் அதிகம். போப்பு திருத்திய தப்பு 11 நிமிஷந்தான். நம்முடையது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அறுபது வருஷத்துக்கு ஒரு நாளாகச் சேர்ந்து, இப்பொழுது 23 நாளுக்கு மேலாகிவிட்டது. தை முதல் தேதி, அதாவது ஜனவரி 14 வாக்கில், சூரியன் வடக்கே திரும்புகிறது, அது உத்தராயண புண்ணிய காலம் என்கிறார்கள். சூரியனோ டிசம்பர் 21, 22-ந் தேதியிலேயே திரும்பிவிடுகிறது. நம்பிக்கையில்லாதவர்கள் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலையில் வயல் வரப்பில் ஒரே இடத்தில் நின்று, சூரியன் எந்தப் பனைமரத்துக்கு நேராக உதிக்கிறது என்று குறித்துக்கொண்டு, பொங்கலன்று மறுபடி அதே இடத்தில் நின்று பார்க்கட்டும். அது ஏற்கனவே தன் அகலத்தில் நான்கு மடங்கு வடக்கே போயிருக்கும். பொங்கல் உழவன் திருநாள். அறுவடையானவன் எந்த நாளில் கொண்டாடினாலும் நமக்கு ஆட்சேபணை இல்லை. "நாங்கள் நட்சத்திரத்தைக் கொண்டு எண்ணுகிறோம், பருவத்தைக் கொண்டல்ல" என்பார்களானால் அப்படியே எண்ணிக்கொள்ளட்டும். ஆனால் உத்தராயணம் என்கிற பெயரை விட்டுவிடட்டும்.

இதை முதல் முதல் சொல்லுகிறவர்கள் நாமல்ல. டாக்கா ஜில்லாவில் ஒரு கிராமத்துச் சில்லறைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து உலகப் பிரசித்தி பெற்ற விஞ்ஞானியான மேகநாத் சாஹா தலைமையில் 1952-ல் சர்க்கார் ஒரு கமிட்டி போட்டார்கள். நாட்டில் வழங்குகிற பஞ்சாங்கம் முப்பது தினுசு என்று கண்டு, இந்தத் தப்பையும் எடுத்துக்காட்டி 1955-ல் அறிக்கை வந்தது. 22-3-1957 முதல் பருவத்தோடு பொருந்துகிற தேசீயத் தேதி ஒன்று அமுலுக்கும் வந்தது. அது சர்க்கார் கெஜட்டின் தலைப்பில் இருக்கிறது. ஜனங்களில் யாராவது அதில் கலியாண ஓலை அடித்ததை நாம் பார்த்ததில்லை.

பஞ்சாங்கக்காரர்களிலேயே வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டவர்கள் திருக்கணிதக்காரர்கள்; பழைய வாய்ப்பாட்டை விடாதவர்கள் வாக்கியக்காரர்கள். இதன் பலன் என்ன? திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-ந் தேதி சனி கும்ப ராசிக்குப் போயாகிவிட்டது. திருநள்ளாற்றில் வாக்கியப்படி அதே சனியை அதே வருஷம் டிசம்பர் 20-ந் தேதி அனுப்பிவைத்து உற்சவம் நடத்தினார்கள். பதினொரு மாத வித்தியாசம். கடியாரம் பதினொரு நிமிஷம் தப்பினால் ரயில் போய்விடுகிறதென்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போகிற மனிதன், பதினொரு மாதம் தப்பினவரிடம் தட்சணை வைத்துக் கும்பிட்டு விழுகிறான்.

ராகு காலத்தின் கதை இதைவிட மோசம். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று நாட்காட்டித் தாளில் அச்சடித்திருப்பதை இன்று எந்தக் கடியாரத்தில் பார்க்கிறார்கள்? இந்திய நேரம் காட்டும் கடியாரத்தில். சென்னை வானத்துக்கு உரிய நேரம் அதைவிட ஏறக்குறைய 9 நிமிஷம் பின்னால். 1906-ம் வருஷத்துக்கு முன் சென்னைக்குச் சொந்த நேரமே இருந்தது. அந்த ஜனவரியில் இந்திய நேரம் வந்தபோது, மேலே சொன்ன அந்த மோதிரக் குழாய் நழுவ, எல்லோரும் முள்ளைத் தள்ளிக்கொண்டார்கள். யுத்த காலத்தில், 1942 செப்டம்பர் 1-ந் தேதி முதல் 1945 அக்டோபர் 15-ந் தேதி வரையில், இந்தியா முழுவதும் கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருந்தார்கள். இலங்கையில் 1996 மே மாதம் ஒரு மணி முன்தள்ளி, அக்டோபரில் அரைமணி பின்தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு வந்தார்கள். சர்க்கார் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ராகுவும் சாவியை இழுத்து ஒரு மணி தள்ளிக்கொண்டதா, அல்லது அந்த மூன்று வருஷம் ஒன்றரை மாதமும் தமிழ்நாட்டில் திங்கட்கிழமைதோறும் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் நல்ல நேரத்தையெல்லாம் ராகு காலமென்று வீணாக்கிவிட்டு, எட்டரை அடித்துப் புறப்படவேண்டியவர்கள் ஒன்பதுக்கு நிம்மதியாக எழுந்து, அசல் ராகு காலத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் நடந்து போனார்களா? இரண்டில் எது என்பதை நாட்காட்டி அச்சடிக்கிற கம்பெனிக்காரர்களாவது, அவர்களுக்குக் கணித்துக் கொடுக்கிற சாஸ்திரிகளாவது எழுதியனுப்பினால், ஒரு எழுத்தும் மாற்றாமல் அடுத்த வாரம் வெளியிடக் காத்திருக்கிறோம்.